கணினி தொடங்கும்போதே ஸ்கிரிப்ட் தானாக இயங்க வேண்டும்: கையால் இயக்கினால் ஓடுகிறது, தானாக ஓடவில்லை

கேள்வி: வேலந்தாவளம் பால் சங்கக் கணினி

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கோயம்புத்தூர் எல்லையை ஒட்டிய வேலந்தாவளம் பகுதியில், ஒரு பால் சங்கத்தின் கணினி வேலைகளைக் கவனித்து வருகிறேன். காலைப் பால் எடுக்கும் நேரத்தில் உறுப்பினர்கள் கேனோடு வரிசையில் நிற்பார்கள். அந்த நேரத்தில் மின்சாரம் போய் வந்தால், கணினி மறுபடியும் எழுந்து எடை பதியத் தொடங்கும் வரை வரிசை அப்படியே நின்றுவிடுகிறது. ஐப்பசி இடிமழைக் காலத்தில் இது அடிக்கடி நடக்கிறது. நான் சங்கத்தில் இல்லாத வேளைகளில் டெர்மினலைத் திறந்து கட்டளை அடிக்க அங்கே வேறு ஆள் இல்லை.

கணினியில் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 22.04 உள்ளது. மூன்று வேலைகளைச் செய்யும் ஒரே ஷெல் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறோம். மின்னணுத் தராசிலிருந்து யூஎஸ்பி சீரியல் கேபிள் வழியாக எடையைப் படித்து அன்றைய தேதியிட்ட கோப்பில் எழுதுவது முதல் வேலை. பழைய கணக்குக் கோப்புகளை வெளி வன்வட்டில் நகலெடுப்பது இரண்டாவது. ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப். (கொழுப்பல்லாத திடப்பொருள்) அளவுகளுக்கான விலைப் பட்டியலைச் சுவரில் மாட்டியுள்ள டிவி திரையில் காட்டுவது மூன்றாவது. கையால் இயக்கினால் மூன்றும் நன்றாக நடக்கின்றன.

தானாக இயங்க வேண்டும் என்பதற்காக, இடிசி அடைவில் ஆர்சி.லோக்கல் என்ற கோப்பை உருவாக்கி அதில் ஸ்கிரிப்டின் பெயரை எழுதினேன். கணினியை மறுதொடக்கம் செய்தும் எதுவும் நடக்கவில்லை, பிழைச்செய்திகூட வரவில்லை. பிறகு, குறித்த வேளையில் வேலைகளை ஓட்டும் கிரானின் பட்டியலான கிரான்டாபில், தொடக்கத்தில் ஓட்டு என்று பொருள்படும் @ரீபூட் வரியை எழுதி வைத்தேன். அதன்பின் எடை சில நாள் பதிகிறது, சில நாள் பதிவதில்லை. டிவியில் பட்டியல் ஒரு நாளும் வரவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சில நாள் காலைப் பாலின் எடை முந்தைய நாள் மாலைக் கோப்பில் ஏறிவிடுகிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை. கணக்கில் ஒரு நாள் மாறினால் உறுப்பினரின் பட்டுவாடாவே மாறிவிடும் என்பதால், சரியான முறையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில்: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

நான் பக்கத்து ஊரில் பள்ளி ஆசிரியை. கேரளப் பள்ளிகளில், மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் வழங்கும் உபுண்டு வழிவந்த இயங்குதளமே பயன்பாட்டில் இருப்பதால், இப்படிப்பட்ட சிக்கல்களை எங்கள் கணினி அறையிலும் பார்த்துத் தீர்த்திருக்கிறேன். சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆர்சி.லோக்கல். கணினியைத் தொடங்கி வைக்கும் பழைய சிஸ்டம் ஃபைவ் முறையில், தொடக்க ஸ்கிரிப்டுகள் எண் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஓடுவதே ஆர்சி.லோக்கல். அதனால் அதில் எதை எழுதினாலும், அதற்கு முன் மற்றவை தயாராகியிருக்கும் என்று ஓரளவு நம்ப முடிந்தது. உபுண்டு 2006-இல் 6.10 பதிப்பில் அப்ஸ்டார்ட் முறைக்கும், 2015-இல் 15.04 பதிப்பில் சிஸ்டம்டி முறைக்கும் மாறியது. லெனார்ட் பொட்டரிங்கும் கே சீவர்ஸும் 2010-இல் தொடங்கிய சிஸ்டம்டி, வேலைகளை இயன்றவரை ஒரே நேரத்தில் தொடங்குகிறது. ஆகவே "எல்லாவற்றுக்கும் கடைசி" என்று உறுதியான ஓர் இடம் இன்று கிடையாது. பழைய பழக்கத்தை மதித்து ஆர்சி.லோக்கலை இன்னும் ஓடவிடுகிறார்கள்; ஆனால் அந்தக் கோப்புக்கு இயக்கும் அனுமதி இருந்தால்தான் சிஸ்டம்டி அதைக் கண்டுகொள்ளும். அனுமதி இல்லையென்றால் பிழை ஏதும் காட்டாமல் கடந்து போய்விடும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். அனுமதி கொடுத்தபின், முதல் வரியில் #!/பின்/பேஷ் போன்ற வரி இல்லாவிட்டால் எக்ஸெக் பிழை வரும். விண்டோஸ் நோட்பேடில் எழுதிக் கொண்டுவந்த கோப்பாக இருந்தால், வரி முடிவில் ஒளிந்திருக்கும் கூடுதல் எழுத்தாலும் அந்த முதல் வரி செல்லாமல் போகும்.

ஆனாலும் அதைச் சரிசெய்து அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் மூன்று வேலைகளுக்கும் தேவையானவை மூன்று வெவ்வேறு கட்டங்களில் தயாராகின்றன. கணினி தொடங்குவதை ஒரே நொடியில் நடந்து முடிவதாக எண்ணி, மூன்றையும் ஒரே ஸ்கிரிப்டில் கட்டியதுதான் சிக்கலின் வேர். கையால் இயக்கும்போது நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கிறீர்கள். தராசு, வன்வட்டு, திரை எல்லாம் அப்போது தயாராக இருக்கின்றன. உங்கள் வீட்டு அடைவு, கட்டளைகளைத் தேடும் பாத் பட்டியல், திரையின் முகவரி ஆகியவையும் உங்கள் அமர்வோடு சேர்ந்து வந்துவிடுகின்றன. கிரான் ஓட்டும்போது இவை கிடைப்பதில்லை. அதன் பாத் பட்டியலில் வழக்கமாக /யூஎஸ்ஆர்/பின், /பின் ஆகிய இரண்டுதான் இருக்கும். திரை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. டிவியில் பட்டியல் ஒரு நாளும் வராததற்குக் காரணம் இதுவே.

எனவே ஸ்கிரிப்டை மூன்றாகப் பிரியுங்கள். எல்லாக் கட்டளைகளுக்கும் கோப்புகளுக்கும் முழுப் பாதையை எழுதுங்கள்.

எடை படிக்கும் பகுதியை ஒரு சிஸ்டம்டி சேவையாக்குங்கள். /இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் அடைவில் அந்தச் சேவையை விவரிக்கும், .சர்வீஸ் என்று முடியும் ஒரு யூனிட் கோப்பு போதும். அதன் சர்வீஸ் பகுதியில் எக்ஸெக்ஸ்டார்ட் என்ற வரியில் ஸ்கிரிப்டின் முழுப் பாதை வர வேண்டும். யூசர் என்ற வரியில் ஒரு சாதாரணப் பயனர் பெயரைக் கொடுத்து, அந்தப் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிடுங்கள். சீரியல் கேபிளைத் தொட அந்தக் குழு உரிமை போதும், முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராக ஓட்டத் தேவையில்லை. ரீஸ்டார்ட் என்ற வரியில் ஆல்வேஸ் என்றும், ரீஸ்டார்ட்செக் என்ற வரியில் ஐந்து நொடி என்றும் கொடுத்தால், ஸ்கிரிப்ட் இடையில் நின்றுபோனாலும் தானே எழுந்துகொள்ளும். இன்ஸ்டால் பகுதியில் வான்டட்பை என்பதற்கு, வழக்கமான தொடக்கக் கட்டத்தைக் குறிக்கும் மல்டி-யூசர் டார்கெட்டைக் கொடுங்கள். பிறகு சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் டீமன்-ரீலோடு செய்து, எனேபிள் செய்யுங்கள். ஸ்டார்ட் என்பது இப்போது ஓட்டுவதற்கு மட்டும். எனேபிள் செய்தால்தான் ஒவ்வொரு தொடக்கத்திலும் ஓடும். பலர் ஸ்டார்ட் செய்து ஓடுவதைப் பார்த்தவுடன் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள்.

விலைப் பட்டியல் காட்டும் பகுதியை இங்கே சேர்க்காதீர்கள். அதற்கு உள்நுழைந்த பயனரின் திரை வேண்டும். உபுண்டுவில் ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ் என்ற கருவியைத் திறந்து அதில் சேர்த்தால், உங்கள் வீட்டு அடைவுக்குள் ஆட்டோஸ்டார்ட் அடைவில் ஒரு சிறு கோப்பு உருவாகி, உள்நுழைவு முடிந்ததும் அது ஓடும். கடவுச்சொல் கேட்காமல் தானாக உள்நுழையும் வசதியையும் அந்தப் பயனருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். அப்படிக் கொடுக்கும் பயனருக்கு நிர்வாக உரிமை இருக்கக் கூடாது, சங்கத்தின் கணக்குக் கோப்புகளைத் திருத்தும் உரிமையும் இருக்கக் கூடாது. வாசலில் வந்து நிற்கும் யாரும் தொடக்கூடிய கணினி அது.

நகலெடுப்பது உண்மையில் தொடக்க வேலையே அல்ல. அது நாளுக்கு ஒருமுறை நடந்தால் போதும். சிஸ்டம்டி டைமர் ஒன்றில் ஆன்காலண்டர் வரியில் நேரத்தையும், பெர்சிஸ்டன்ட் வரியில் ட்ரூ என்றும் கொடுத்துவிட்டால், குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தாலும் அடுத்தமுறை எழுந்தவுடன் விடுபட்ட நகலை எடுத்துவிடும்.

எது சரியாக நடக்கவில்லை என்றாலும் முதலில் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் உங்கள் யூனிட்டின் பெயரையும், இந்தத் தொடக்கத்தை மட்டும் காட்டும் -பி குறியையும் கொடுத்துப் படியுங்கள். ஊகிப்பதைவிட அந்தப் பதிவேட்டைப் படிப்பது விரைவில் விடை தரும்.

பதில்: நகரி நெசவுப் பட்டறை

நாங்கள் ஆந்திர எல்லையில், நகரியில் இருக்கிறோம். விசைத்தறிப் பட்டறையின் கணக்குக் கணினியில் இதே போன்ற தேவை எங்களுக்கும் இருந்தது. டீச்சர் சொல்வது முறையானதுதான். ஆனால் யூனிட் கோப்பு என்றாலே தயங்குகிறவர்கள் உண்டு. @ரீபூட் வரியில், ஸ்கிரிப்டின் பெயருக்கு முன் ஸ்லீப் 60 என்று சேர்த்துப் பாருங்கள். ஒரு நிமிடம் பொறுத்தபின் ஓடுவதால் பெரும்பாலும் எல்லாம் தயாராகியிருக்கும். எங்களுக்கு அது போதுமாக இருக்கிறது.

விண்டோஸ் கணினியும் வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டாஸ்க் ஷெட்யூலரில் கணினி தொடங்கும்போது ஓட வேண்டும் என்று வைத்தால், சில கணினிகளில் மறுதொடக்கத்தில் ஓடும், அணைத்துப் போட்டால் ஓடாது. விண்டோஸ் 8-இலிருந்து வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி, அணைக்கும்போது இயங்குதளத்தின் உட்பகுதியை முழுமையாக அணைக்காமல் வட்டில் சேமித்து வைத்து, அடுத்தமுறை அதையே எடுத்து வருகிறது. அந்த வசதியை நிறுத்திவிட்டுச் சோதித்துப் பாருங்கள்.

பதில்: பொள்ளாச்சி பழுதுபார்ப்பவர்

தராசு பற்றியும் வன்வட்டு பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

எடை சில நாள் வந்து சில நாள் வராததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கணினியில் இரண்டு சீரியல் கேபிள்கள் இருந்தால், ஒன்று தராசுக்கும் மற்றது ஃபேட் பார்க்கும் கருவிக்குமாக இருந்தால், எது முதலில் கண்டறியப்படுகிறதோ அதற்கு டிடிஒய்-யூஎஸ்பி-0 என்ற பெயர் போகும். மற்றது 1 ஆகும். ஒவ்வொரு தொடக்கத்திலும் இந்த வரிசை மாறலாம். உங்கள் ஸ்கிரிப்ட் 0 என்ற பெயரை நம்பி எழுதப்பட்டிருந்தால், சில காலைகளில் அது ஃபேட் கருவியிடம் எடையைக் கேட்டுக்கொண்டிருக்கும். /டெவ்/சீரியல் அடைவுக்குள் பை-ஐடி, பை-பாத் என்று இரண்டு உள் அடைவுகள் உள்ளன. கேபிளின் சொந்த அடையாளத்தைக் கொண்டு நிலையான பெயர் தருவது பை-ஐடி. ஆனால் மலிவாகக் கிடைக்கும் சிஹெச்340 சில்லு கொண்ட கேபிள்களில் பொதுவாகத் தனி வரிசை எண் இருப்பதில்லை. இரண்டு கேபிள்களும் அந்த வகையாக இருந்தால் அந்தப் பெயரால் பிரித்தறிய முடியாது. அப்போது பை-பாத் பெயரைப் பயன்படுத்துங்கள். அது கேபிள் செருகியுள்ள துளையைக் குறிக்கும். துளையை மாற்றிச் செருகக் கூடாது என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள்.

இரண்டாவது காரணம் உபுண்டு 22.04-இல் பலருக்கும் நேர்ந்தது. பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள், சிஹெச்340 கேபிளைப் பிரெய்ல் கருவி என்று தவறாக எண்ணித் தன் பிடிக்குள் எடுத்துக்கொள்கிறது. கேபிள் ஒரு கணம் தெரிந்து மறைந்துவிடும். இயங்குதளத்தின் உட்கருச் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டில் பிஆர்எல்டிடிஒய் என்ற பெயர் தென்படுகிறதா என்று பாருங்கள். சங்கத்தில் பிரெய்ல் கருவி பயன்படுத்துவோர் யாரும் இல்லையென்றால் அந்த மென்பொருளை நீக்கிவிடலாம். இருந்தால் நீக்காமல், இந்தக் கேபிளின் அடையாளத்துக்கு மட்டும் அதன் யூடெவ் விதியை, அதாவது செருகிய கருவியை அடையாளம் காணும் விதியை, நிறுத்த வேண்டும்.

வெளி வன்வட்டை, தொடக்கத்தில் இணைக்க வேண்டிய வட்டுகளின் பட்டியலான எஃப்எஸ்டாப் கோப்பில் சேர்த்திருந்தால், அந்த வரியில் நோஃபெயில் என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாமல் ஒருநாள் வன்வட்டின் கேபிள் கழன்றிருந்தால், கணினி வழக்கமாக 90 நொடி காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும். வரிசையில் நிற்பவர்களுக்கு அன்று எடையே கிடையாது. மறுபக்கம், வன்வட்டு இணையாத நாளில் நகல் ஸ்கிரிப்ட் ஓடினால், அது வெறும் அடைவுக்குள், அதாவது கணினியின் உள் வட்டிலேயே எழுதிக்கொண்டிருக்கும். நகல் இருப்பதாக நீங்கள் நம்பியிருப்பீர்கள், இருக்காது. நகலுக்கான யூனிட்டில் ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார் என்ற வரியில் அந்த அடைவின் பாதையைக் கொடுத்தால், வன்வட்டு இணைந்திருந்தால் மட்டுமே வேலை தொடங்கும்.

கேள்வி கேட்டவர்: வேலந்தாவளம் பால் சங்கக் கணினி

அனைவருக்கும் நன்றி. ஆர்சி.லோக்கல் கோப்புக்கு இயக்கும் அனுமதி இல்லை என்பது உண்மை. டிமெசேஜில் பிஆர்எல்டிடிஒய் பெயரும் இருந்தது. அதை நீக்கி, பை-பாத் பெயருக்கு மாற்றி, எடைக்கு மட்டும் தனிச் சேவை எழுதினேன். மறுதொடக்கம் செய்யும்போதெல்லாம் இப்போது எடை வருகிறது. டிவியிலும் பட்டியல் வந்துவிட்டது.

ஆனால் காலைப் பால் முந்தைய நாள் கோப்பில் ஏறுவது மட்டும் தீரவில்லை. இரவு முழுவதும் மின்சாரம் இல்லாமல் இருந்து, காலையில் வந்த ஒரு நாளில் இது மறுபடியும் நடந்தது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் கணினியின் தேதி சரியாகவே இருக்கிறது.

பதில்: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

அந்தக் கடைசி வரிதான் நோயைக் காட்டிக்கொடுக்கிறது. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும். மின்சாரம் இல்லாத வேளையில் நேரத்தைக் காத்து வைப்பது அந்தப் பேட்டரிதான். அது தீர்ந்தால் கடிகாரம் ஏதோ ஒரு பழைய தேதிக்குப் போய்விடும். சிஸ்டம்டியின் நேர ஒத்திசைவுச் சேவை, தான் கடைசியாகக் குறித்துவைத்த நேரத்துக்குப் பின்னால் கடிகாரம் போயிருப்பதைக் கண்டால், அந்தக் குறித்த நேரத்துக்கு அதை முன்னே நகர்த்தும். நேற்று மாலை கணினி அணைந்திருந்தால், இன்று காலை அது நேற்று மாலையிலிருந்தே எழும். இணையம் வந்து சரியான நேரம் கிடைக்கும் வரை ஊற்றப்படும் பால் எல்லாம் நேற்றைய மாலைக் கணக்கில் ஏறும். தேதி 1970 என்பது போல அபத்தமாக இருந்தால் உடனே கண்ணில் பட்டிருக்கும். நம்பும்படியான தவறான தேதி என்பதால்தான் இத்தனை நாள் தெரியவில்லை.

டைம்டேட்சிடிஎல் கட்டளையை அடித்தால், இயங்குதளத்தின் நேரமும், மதர்போர்டுக் கடிகாரமான ஆர்டிசியின் நேரமும் தனித்தனியாகத் தெரியும். இரவில் மின்சாரம் போய்க் காலையில் வந்தவுடன் இதைப் பாருங்கள். ஆர்டிசி நேரம் நம் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் குறைவாகக் காட்டுவது இயல்பு. அது உலக நேரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் வேறுபாடு இருந்தால் பேட்டரியை மாற்றுங்கள்.

நேரம் சரியாகும் வரை ஒரு சேவையைக் காத்திருக்கச் செய்யும் வழியும் உண்டு. ஆஃப்டர் வரியில் டைம்-சிங்க் டார்கெட்டைக் கொடுத்து, டைம்-வெயிட்-சிங்க் என்ற சேவையை எனேபிள் செய்தால் அது நடக்கும். ஆனால் உங்கள் தராசுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தச் சேவைக்குக் கால வரம்பு கிடையாது. இணையம் வராத காலையில் அது காத்துக்கொண்டே இருக்கும், எடை தொடங்கவே தொடங்காது. பால் காத்திருக்காது. அதற்குப் பதில் ஸ்கிரிப்டிலேயே ஒரு சோதனை வையுங்கள். எழுந்தவுடன், நேரம் ஒத்திசைந்துவிட்டதா என்று டைம்டேட்சிடிஎல் மூலமாகக் கேட்கட்டும். இல்லையென்றால் எடைகளைத் தேதியில்லாத ஒரு தற்காலிகக் கோப்பில் வரிசை எண்ணோடு எழுதட்டும்; ஒத்திசைந்தபின் அவற்றை அன்றைய கோப்புக்கு மாற்றட்டும். பேட்டரியை மாற்றிய பிறகும் இந்தச் சோதனையை எடுக்காதீர்கள்.

நகரி ஐயாவுக்கும் ஒரு சொல். ஒரு நிமிடம் காத்திருப்பது தறிக் கணக்குக்குப் போதும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நொடிகளை எண்ணிக் காத்திருக்கும் ஸ்கிரிப்டுக்குத் தான் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது தெரியாது. கேபிள் பத்து நொடியில் தயாரானாலும் ஐம்பது நொடி வீணாகும்; எழுபது நொடி எடுத்தால் வேலையே நடக்காது. யூனிட் கோப்பில் இன்னது வந்தபின் என்று சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் சரியாகும். அப்படிச் சொல்லும்போது ஆஃப்டர் என்பது வரிசையை மட்டுமே குறிக்கும், குறிப்பிட்ட சேவையைத் தானாகத் தொடங்கி வைக்காது என்பதை நினைவில் வையுங்கள். உதாரணமாக இணையம் தேவைப்படும் வேலைக்கு, நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டை ஆஃப்டர், வான்ட்ஸ் இரண்டிலும் கொடுக்க வேண்டும். வெறும் நெட்வொர்க் டார்கெட் என்று எழுதினால் இணைப்பு கிடைத்துவிட்டதாகப் பொருள் ஆகாது.

கேள்வி கேட்டவர்: வேலந்தாவளம் பால் சங்கக் கணினி

மிக்க நன்றி, டீச்சர். பேட்டரியை மாற்றிவிட்டேன், தற்காலிகக் கோப்பு முறையையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். கடைசியாக ஒரு சந்தேகம். மின்சாரம் வந்தவுடன் கணினியே தானாக எழ வழி உண்டா? இப்போது யாராவது பொத்தானை அழுத்த வேண்டியிருக்கிறது. யூபிஎஸ் ஒன்று வாங்கவும் சங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

பதில்: பொள்ளாச்சி பழுதுபார்ப்பவர்

பயாஸ் அமைப்பில், மின்சாரம் போய் வந்தபின் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தேர்வு இருக்கும். பெரும்பாலும் ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ் என்ற பெயரில் பவர் அமைப்புகளுக்குள் இருக்கும். அதில் பவர் ஆன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பேட்டரியை மாற்றும்போது பயாஸ் அமைப்புகள் அழிந்திருக்கலாம் என்பதால், ஏற்கெனவே இதை வைத்திருந்தாலும் மறுபடி பார்த்துவிடுங்கள்.

யூபிஎஸ் வாங்கும்போது, யூஎஸ்பி வழியாகக் கணினியோடு பேசும் வகையாகவும் நட் என்ற மென்பொருளில் இயங்கும் வகையாகவும் பார்த்து வாங்குங்கள். மின்கலம் தீரும் முன் கணினியை ஒழுங்காக அணைக்க நட் உதவும். இடையில் சட்டென்று அணைவதுதான் கோப்புகளைக் கெடுப்பது. இதில் ஒரு சிக்கல் உண்டு. கணினி அணைந்தபின்னும் யூபிஎஸ் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்து, அதற்குள் வெளி மின்சாரம் திரும்பிவிட்டால், மின்சாரம் போனதே கணினிக்குத் தெரியாது; பயாஸ் தேர்வு வேலை செய்யாமல் அது அணைந்தே கிடக்கும். ஆகவே அணைக்கும் வேலையின் கடைசியில் யூபிஎஸ் தன் வெளியீட்டையும் துண்டிக்குமாறு நட் அமைப்பில் சொல்லி வையுங்கள். பால் இல்லாத மதிய வேளையில் யூபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கி, கணினி அணைந்து, பிளக்கை மறுபடி செருகியதும் எழுந்து, தராசில் வைத்த கேனின் எடை கோப்பில் ஏறும் வரை ஒருமுறை முழுவதுமாகச் சோதித்துவிடுங்கள்.